மிட்டாய்மேல் பழி போடுமுன்…

கே: மகளுக்குச் சீலியாக் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்). சூயிங் கம் தரலாமா? (பாலக்கோடு)

எந்தக் கம் என்று எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். கம் பேஸ், சர்க்கரை, சார்பிட்டால் (சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்பு) எதிலும் குளூட்டன் கிடையாது. ஒட்டாமலிருக்கத் தூவும் மாவிலும், மால்ட் (முளைகட்டிய பார்லி) சேர்த்த வகைகளிலும்தான் சந்தேகம். உறையில் வீட், பார்லி, மால்ட் என்று கண்டால் வாங்காதீர்கள். உறையைப் படியுங்கள்!

கே: பச்சைப் புள்ளி இருந்தால் போதாதா? (காவேரிப்பட்டணம்)

மைதாவும் சைவம்தானே.

கே: ஒரு ரூபாய் புதினா மிட்டாயின் உறையில் எதுவுமே எழுதவில்லை. (ஓசூர்)

சரியான கேள்வி. 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத உறைக்குச் சேர்பொருள் பட்டியலிலிருந்து விலக்கு உண்டு. மொத்தமாக வரும் ஜாடியிலோ பெட்டியிலோ அது இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். தர்மபுரி பஸ் நிலையத்தில் நான் கேட்டபோது கடைக்காரர் ஜாடியைத் திருப்பினார். லேபிள் பிஸ்கட்டுடையது! உள்ளே உறையில்லாத புதினா மிட்டாய், அடியில் பிஸ்கட் தூள். அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

கே: மிட்டாயை அடியோடு நிறுத்தியும் சீலியாக் உள்ள பையனுக்கு வயிறு சரியாகவில்லை. வீட்டில் கேழ்வரகுக் களியும் சாம்பாரும்தான். (அரூர்)

இதை எத்தனை தடவைதான் எழுதுவது? சாம்பாரில் என்ன பெருங்காயம் போடுகிறீர்கள்? கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் மைதா உண்டு. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பட்டியலிலேயே இருக்கும். அடுத்து மில். உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால் கல்லிலும் துணிப்பையிலும் தங்கிய மாவு உங்கள் கேழ்வரகோடுதான் வந்து சேரும். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஒரு கிலோ கேழ்வரகு மாவில் ஒரு கிராம் கோதுமை மாவு விழுந்தாலே அதெல்லாம் தாண்டிவிடும். சாமையும் தினையும் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, மில்லை விட்டுவிட்டு மிட்டாயைக் குற்றம் சொல்கிறீர்கள். வீட்டிலேயே மிக்ஸியில் அரையுங்கள். அல்லது கோதுமையே ஏறாத மில்லாகத் தேடுங்கள்.

கே: சுகர்ஃப்ரீ கம் நாளைக்குப் பத்துப் பதினைந்து மெல்கிறேன். பேதியாகிறது. குளூட்டனா? (பென்னாகரம்)

சார்பிட்டாலாக இருக்கும். பத்துப் பதினைந்தா? குறையுங்கள், தானாக நிற்கும். நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். அதற்குள் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள்; அப்புறம் சீலியாக் ரத்தப் பரிசோதனை தப்பாகக் காட்டும்.