தரையில் கிடக்கும் அட்டையைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: இருபது பேர் வேலை செய்யும் பட்டறையில் என் வழக்கமான வேலையோடு பாதுகாப்பையும் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை பட்டியலை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து டிக் போடுகிறேன். எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிகிறது. ஆனாலும் யாராவது வழுக்கி விழுகிறார்கள், கையைக் கிழித்துக்கொள்கிறார்கள். நான் எதைப் பார்க்கத் தவறுகிறேன்?

பதில்: பட்டியல் இருக்கட்டும், தேவைதான். ஆனால் அதை எழுதியவர் உங்கள் பட்டறையைப் பார்த்தவர் இல்லையே. அன்றாட ஆபத்துகள் கண்ணில் படாமல் போவதற்கு முக்கியக் காரணம், அங்கே வேலை செய்பவர்கள் ஏதாவது ஒட்டுவேலை செய்து அவற்றைச் சமாளித்துவிடுவதுதான். தரையில் விரித்த அட்டை, டேப் சுற்றிய வயர், கம்பியால் இழுத்துக் கட்டிய சுவிட்ச், கதவுக்கு முட்டுக்கொடுத்த செங்கல். நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் தேடுவது இவற்றைத்தான். ஒட்டுவேலை இருக்கும் இடத்தில் சரிசெய்யப்படாத ஒரு பிரச்சினை கட்டாயம் இருக்கும்.

ஒரு பட்டறையில் உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத் இயந்திரத்துக்கு முன்னால் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். நடுப்பகுதி ஊறிக் கறுத்திருந்தது. ஓரங்கள் காய்ந்து மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. நடுவில் கால் வைத்தால் வழுக்கும், ஓரத்தில் வைத்தால் தடுக்கும். நனைந்து கிழிந்ததும் வேறு அட்டை போடுவார்களாம், பல மாதங்களாக அப்படித்தான். அட்டையை எடுத்துவிட்டுத் தரையைத் துடைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். சிறிது நேரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவம் (கூலன்ட்) வரும் குழாயின் இணைப்பில், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தது. புது கிளாம்ப் போட்டதும் கசிவு நின்றது, அட்டைக்கும் வேலை இல்லாமல் போனது. ‘தரை வழுக்கும், கவனம்’ என்று பலகை வைத்திருந்தால் அந்தப் பலகையின் மேலும் சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அடுத்து பெஞ்ச் கிரைண்டரிடம், அதாவது சுழலும் கல்லில் பொருளைத் தீட்டும் இயந்திரத்திடம் போங்கள். பட்டியலில் ‘ரெஸ்ட் இருக்கிறதா’ என்றுதான் கேட்டிருக்கும், நீங்களும் டிக் போட்டிருப்பீர்கள். ரெஸ்ட் என்பது தீட்டும் பொருளைத் தாங்கும் தகடு. பார்க்க வேண்டியது ரெஸ்டுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை. அது 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கல்லின் மேல்பக்கம் இருக்கும் நாக்குத் தகட்டுக்கு 6 மி.மீ. வரை விடலாம். கல் தேயத் தேய இடைவெளி தானாகக் கூடிக்கொண்டே போகும். தீட்டும் பொருள் அதற்குள் இழுபட்டால் விரலும் கூடவே போகும், கல்லே உடைந்து தெறிக்கலாம். மெயினை அணைத்து, கல் முழுவதும் நின்ற பிறகு ரெஸ்டை நகர்த்துங்கள். 3 மி.மீ. தகட்டில் ஒரு துண்டு வெட்டி அங்கேயே தொங்கவிட்டால் யார் வேண்டுமானாலும் அளந்து பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று: டிரில்லிங் மெஷின் போன்ற சுழலும் இயந்திரங்களில் துணிக் கையுறை போடச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். நூல் ஒன்று சிக்கினால் போதும், கையையே இழுத்துவிடும்.

மின்சாரத்தில் ஒட்டுவேலை என்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகுவது. அங்கே ஒரு பிளக் பாயின்ட் குறைகிறது என்று அர்த்தம். புது பாயின்ட் போட்டுக் கொடுங்கள். பழுப்பேறிய பிளக், கருகிய வாடை இரண்டும் இணைப்பு சூடாவதன் அடையாளம். சுருளில் சுற்றியபடியே கேபிளைப் பயன்படுத்தினால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறை உருகும், முழுக்கப் பிரித்து விடச் சொல்லுங்கள். மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள்.

அப்புறம் கதவு. பூட்டு போட்ட அவசர வழியும் ஒட்டுவேலைதான். பொருள் திருடு போகிறது என்ற கவலைக்கு யாரோ கண்டுபிடித்த சுலபமான வழி அது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது, ஒன்பதாவது மாடியில் மாடிப்படிக்குப் போகும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் இளம்பெண்கள். இதை நினைக்காமல் என்னால் எந்தப் பூட்டிய கதவையும் கடந்து போக முடிவதில்லை. உள்ளேயிருந்து தள்ளினால் சாவியில்லாமல் திறந்து, கூடவே மணியும் அடிக்கும் கதவுகள் இருக்கின்றன. திருட்டுப் பயத்துக்கும் அது பதில் சொல்லிவிடும். கதவு அகலமாகத் திறக்கிறதா, அதற்கு முன்னால் சரக்கு அடுக்கியிருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எதைக் கண்டாலும் முதலில் அந்த ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதற்கும் ஆளுக்கும் நடுவில் தடுப்பு போடுங்கள். விதி, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை எல்லாம் அதற்குப் பிறகு. ஹெல்மெட்டும் கண்ணாடியும் கடைசி அரண். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை, அவற்றை மட்டும் நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

தனியாகச் சுற்றாதீர்கள். அந்தந்த இடத்தில் வேலை செய்பவரிடம் ‘இங்கே ஆபத்து ஏதாவது உண்டா?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் வரும். ‘இந்த வேலையில் உங்களுக்கு எரிச்சல் தருவது எது?’ என்று கேட்டுப் பாருங்கள். மேல்தட்டில் இருக்கும் கனமான பெட்டி, பாதியில் சிக்கும் தள்ளுவண்டிச் சக்கரம், பார்வையை மறைக்கும் இயந்திரத் தடுப்பு, மாலையில் மங்கிவிடும் வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக வரும். ஒட்டுவேலை செய்தவரைத் திட்டிவிடாதீர்கள். அவர் வேலையை நிறுத்தாமல் ஓட்டப் பார்த்தவர். ஒருமுறை திட்டினால் அடுத்த தடவை நீங்கள் வருவதற்கு முன்னால் அட்டையை எடுத்து மறைத்துவிடுவார்கள்.

சொன்னதில் ஒன்றையாவது மறுநாளே சரிசெய்து காட்டுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மீதியை யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அட்டை திரும்ப வந்திருந்தால் கசிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது.