பதின்மூன்று சொன்னேன், முப்பது என்று எழுதிக்கொண்டார்கள்

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில்தான். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதுவேன். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் போனில் பேசினால் "மறுபடி சொல்லுங்கள்" என்கிறார்கள். போன வாரம் நான் பதின்மூன்று என்று சொன்னதை முப்பது என்று எழுதிக்கொண்டார்கள். உடன் வேலை செய்யும் ஒருவர் என்னைப்போலவே பேசிக் காட்டிச் சிரிக்கிறார். தமிழ் வாடையே இல்லாமல் பேசப் பயிற்சி தரும் வகுப்பில் சேரட்டுமா? என் இரண்டு வயது மகளுக்கும் இந்தக் குறை வராமலிருக்க வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசலாமா?

பதில்: பேசிக் காட்டிச் சிரிப்பவரை முதலில் ஒதுக்கிவைப்போம். அவருக்கும் ஒரு தாய்மொழி இருக்கிறது. அவருடைய ஆங்கிலத்திலும் அது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அவர் காதுக்கு அது எட்டுவதில்லை, அவ்வளவுதான்.

தமிழ் வழிப் படிப்பின்மேல் பழி போடாதீர்கள். இது பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு வெகு காலம் முன்பே முடிந்துபோன காரியம். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த கைக்குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதம் வரை இந்தியின் 'த', 'ட' இரண்டையும் வேறு வேறு ஒலிகளாக அடையாளம் காண்கின்றன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் அந்தத் திறன் மங்கிவிடுகிறது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட முடிவு இது. 'பத்து', 'பட்டு' என்ற சொற்களில் நாம் யோசிக்காமலே பிரித்தறியும் இரண்டு ஒலிகள், வளர்ந்த ஆங்கிலேயர் பலருக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. தன் மொழிக்கு வேண்டாத வேறுபாடுகளைக் காது ஒரு வயதுக்குள் தள்ளிவிடுகிறது. அதனால்தான் ஜப்பானியர் ஆங்கிலத்தின் 'ர', 'ல' இரண்டிலும் தடுமாறுகிறார்கள். அரபு பேசுபவர் பகர ஒலியைத் தொண்டை அதிரச் சொல்லி, 'p'-ஐ 'b' ஆக்கிவிடுகிறார். ஸ்பானியர் 'ஸ்கூல்' என்பதற்கு முன் ஓர் எகரம் போட்டு 'எஸ்கூல்' என்கிறார். நாம் ரங்கனை அரங்கனாக்கியதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். சொல்லின் கடைசியில் வல்லின மெய் நிற்காது என்பது நம் இலக்கணம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லுக்கும் ஓர் உகரத்தை ஒட்டி, 'கப்' என்பதைக் 'கப்பு' ஆக்கிவிடுகிறோம்.

இனி உங்கள் பதின்மூன்றுக்கு வருகிறேன். எல்லா அசைக்கும் ஏறக்குறைய சம எடை கொடுத்துப் பேசுவது தமிழின் இயல்பு. ஆங்கிலத்தில் ஓர் அசையைத் தூக்கிச் சொல்லி, மற்றவற்றை விழுங்கிவிடுவார்கள். 'தர்ட்டி'யில் முதல் அசை ஓங்கும். 'தர்ட்டீன்' தனியாக வரும்போது இரண்டாவது அசை ஓங்கி, நீளும். இரண்டையும் நாம் ஒரே எடையில் சொன்னால், மிஞ்சுவது கடைசியில் வரும் ஒரு மெல்லிய 'ன்' மட்டும். போனில் அதுவும் தேய்ந்துவிடும். இந்த எண்களில் ஆங்கிலேயரே ஏமாறுவதுண்டு. பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால் 'தர்ட்டீ'னிலும் அழுத்தம் முதல் அசைக்குத் தாவிவிடும் என்பதே காரணம். ஆகவே தொகையைச் சொன்ன கையோடு 'ஒன், த்ரீ' என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லிவிடுங்கள். கணக்குப் பிரிவில் இதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். பேனாவைக் குறிக்கும் 'பென்' என்ற சொல்லை ஆங்கிலேயர் சொல்லும்போது, முதல் எழுத்தோடு ஒரு மூச்சும் வெடித்து வெளியேறும். உதட்டுக்கு முன் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். தாள் அசையாவிட்டால், கேட்பவருக்கு நீங்கள் பெஞ்சமின் என்பவரைச் செல்லமாக 'பென்' (Ben) என்று கூப்பிடுவதுபோல் கேட்கக்கூடும். சொல்லின் முதலில் வரும் 'ட', 'க' ஒலிகளுக்கும் இதே மூச்சு வேண்டும்.

அடுத்தது, சாமான் போடும் 'பேக்', முதுகு என்ற பொருளில் வரும் 'பேக்'. பாருங்கள், நம் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. ஆங்கிலத்தில் கடைசி எழுத்தைவிட அதற்கு முன்னால் உள்ள உயிரொலிதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கிறது: பையில் அது நீளும், முதுகில் சட்டென்று முடியும். விதைக்கும் இருக்கைக்கும் உரிய 'சீட்' இரண்டும் இப்படியே. கடைசி எழுத்தோடு மல்லுக்கட்டாமல், உயிரொலியை நீட்டியும் குறுக்கியும் பழகுங்கள்.

மற்றபடி, நாக்கை மடித்துச் சொல்லும் நம் 'ட' இருந்துவிட்டுப் போகட்டும். 'திங்க்' என்பதில் நம் தகரமும் இருக்கட்டும். ஆண்டையும் காதையும் 'இயர்' என்றே சொல்கிறீர்களா? நிதியாண்டு பற்றிய பேச்சில் காதை யார் நினைக்கப் போகிறார்கள்? 1995-இல் மன்ரோ, டெர்விங் என்ற இரு கனடா ஆய்வாளர்கள், சீனம் தாய்மொழியானவர்களின் ஆங்கிலப் பேச்சை, ஆங்கிலம் தாய்மொழியானவர்களின் காதுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தாய்மொழிச் சாயல் மிகுதி என்று கேட்டவர்கள் மதிப்பிட்ட பேச்சைக்கூட, பல நேரம் ஒரு சொல் பிசகாமல் எழுதிவிட்டார்கள். சாயல் வேறு, புரியாமை வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவதற்கு மருந்து.

அதற்குக் காதைத்தான் முதலில் பழக்க வேண்டும். 'ர', 'ல' குழப்பமுள்ள ஜப்பானியருக்குப் பலருடைய குரல்களில் திரும்பத் திரும்பக் கேட்கவைத்துப் பயிற்சி கொடுத்தபோது முன்னேற்றம் தெரிந்தது. ஆகவே ஒரே ஆசிரியரின் குரலை மட்டும் நம்பியிருக்காதீர்கள். வேலையில் தினமும் புழங்கும் சொற்களை எடுத்துக்கொண்டு, எந்த அசை ஓங்குகிறது என்று அகராதியில் பார்த்துக் குறியுங்கள். 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்', 'பேலன்ஸ்' ஆகியவற்றில் முதல் அசை. 'டெபாசிட்', 'அமௌன்ட்', 'அக்கவுன்ட்' ஆகியவற்றில் இரண்டாவது. பிறகு உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்.

மகள் விஷயத்தில் என் பதில்: வேண்டாம். நீங்கள் ஆங்கிலம் மட்டும் பேசினால் அவள் கேட்டு வளர்வது உங்களுடைய அதே 'தர்ட்டீன்' தானே? தமிழில் பேசுங்கள். ஆங்கிலத்தைப் பள்ளியிலும் தோழிகளிடமும் அவள் தானாகப் பிடித்துக்கொள்வாள். சிறு வயதிலேயே கேட்க வேண்டும் என்று தோன்றினால், பல குரல்களில் ஆங்கிலக் கதைகளைப் போட்டுக் காட்டுங்கள்.

வகுப்பில் சேரும் முன் அங்கே என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள். சொல்லழுத்தம், மூச்சொலி, உயிரொலியின் நீளம் என்று பதில் வந்தால் தாராளமாகச் சேரலாம். மூன்றே மாதத்தில் தமிழ் வாடை போய்விடும் என்று சொன்னால் பணத்தைக் கட்டாதீர்கள்.