லூக்கா 13:32-இல் ஏரோதை இயேசு ‘நரி’ என்றது எந்தப் பொருளில்?

ஏரோது தந்திரக்காரன் என்பது மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாதிப் பொருள்தான் என்பது என் கருத்து.

அங்குள்ள கிரேக்கச் சொல் ‘அலோபெக்ஸ்’. புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது. மத்தேயு 8:20, லூக்கா 9:58 இரண்டிலும் “நரிகளுக்குக் குழிகளும்” என்று நிஜ விலங்கையே குறிக்கிறது. ஒரு மனிதனைக் குறிப்பது லூக்கா 13:32-இல் மட்டும்.

ஈசாப் கதைகளில் வளர்ந்த கிரேக்கருக்கு நரி என்றால் தந்திரம். சரி, ஆனால் பேசியவரும் கேட்டவர்களும் யூதர்கள். யூத மரபில் நரிக்கு இன்னொரு முகம் உண்டு: அற்பமான பிராணி, சிங்கத்துக்கு எதிர்ப்பதம். எருசலேம் மதிலைக் கட்டியவர்களை ஏளனம் செய்த தொபியா, ஒரு நரி ஏறினாலே அது இடிந்துபோகும் என்கிறான் (நெகேமியா 4:3). உன்னதப்பாட்டிலோ நரிகள் திராட்சைத் தோட்டங்களைக் கெடுக்கின்றன.

இது ஏரோது அந்திப்பாவுக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! ரோமின் தயவில் கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட சிற்றரசன். ராஜா பட்டம் கேட்கப் போய், கி.பி. 39-இல் பேரரசன் கலிகுலாவால் நாடு கடத்தப்பட்டவன். யோவான்ஸ்நானனைக் கொன்றவனும் அவனே. அதனால் அந்தச் சொல்லில் தந்திரத்தோடு அற்பத்தனமும் நாசமும் சேர்ந்தே ஒலிக்கின்றன என்று நினைக்கிறேன்.

அப்புறம், 34-ஆம் வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்க்கும் கோழியாக இயேசு தம்மையே சொல்கிறார். நரியைச் சொன்ன உடனே கோழி வருவது தற்செயலாக எனக்குப் படவில்லை.