அடிமைப் பண்ணைகளில் மேற்பார்வை: கேள்வி பதில்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர்கள் தம் பண்ணைகளின் மேற்பார்வையாளர்களுக்கு இட்ட உத்தரவுகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஒரு பண்ணையில் யாருக்குக் கீழே யார் இருந்தார்கள்?

உரிமையாளருக்குப் பல பண்ணைகள் இருந்தாலோ, அவர் வெளியூரில் வசித்தாலோ, அவருக்குக் கீழே ஒரு மேலாளர் இருப்பார். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு மேற்பார்வையாளர் உண்டு. பெரும்பாலும் நிலபுலன் இல்லாத வெள்ளையரான அவருக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தம்தான். வயலில் ஆட்களை நேரடியாக விரட்டி வேலை வாங்கியவர் 'டிரைவர்'; அவரும் ஓர் அடிமையே. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 38,000 பேர் தம் தொழிலை மேற்பார்வை என்று பதிந்தனர். நாலைந்து அடிமைகளை மட்டும் வைத்திருந்தவர் தாமே வயலில் நின்றார்.

கேள்வி: ஊரிலேயே இல்லாத முதலாளி எப்படிப் பிடியை விடாமல் இருந்தார்? அந்தக் காலத்தில் கடிதம்தானே?

கடிதம்தான், அதுவே போதுமானதாக இருந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் அதிபராக, அன்றைய தலைநகரான பிலடெல்பியாவில் இருந்த காலத்தில், வர்ஜீனியாவில் மவுண்ட் வெர்னனில் அவருக்கு ஐந்து பண்ணைகள் இருந்தன. எத்தனை பேர் எத்தனை நாள் எந்த வேலையில் இருந்தார்கள், யார் நோயாகப் படுத்திருந்தார்கள், கால்நடைகளில் எத்தனை பிறந்தன, எத்தனை இறந்தன என்று ஒவ்வொரு பண்ணையிலிருந்தும் வாராந்தர அறிக்கை வரும். ஒரு நாட்டை ஆளும் வேலைக்கு நடுவிலும் அவர் அதை வரி வரியாகப் படித்து, இந்த வேலைக்கு ஏன் இத்தனை நாள், இந்தப் பெண் ஏன் மறுபடியும் நோயாளிப் பட்டியலில் இருக்கிறாள் என்று மேலாளரைக் கேட்டு எழுதுவார்.

மேற்பார்வையாளர்களையும் அவர் எடைபோட்டார். 1793 டிசம்பரில் புதிய மேலாளர் வில்லியம் பியர்ஸுக்கு எழுதிய கடிதத்தில், ஒருவர் விருந்தாளிகளோடு பொழுதுபோக்குபவர் என்றும், இன்னொருவர் நோஞ்சான், சோம்பேறி, மந்தபுத்திக்காரர் என்றும் ஆளாளுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். மேற்பார்வையாளர் விடிந்ததிலிருந்து ஆட்களோடு இருக்க வேண்டும், முதுகைத் திருப்பினால் வேலை நின்றுவிடும் என்பது அவர் ஓயாமல் சொன்னது. கட்டாயத்தின் பேரில் உழைப்பவர் தாமாக உழைக்க மாட்டார் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கேள்வி: ஆனால் வாஷிங்டன் தம் அடிமைகளிடம் இரக்கம் காட்டியவர் என்று படித்திருக்கிறேனே?

நீங்கள் படித்ததற்கும் ஆதாரம் இருக்கிறது. 1792 அக்டோபரில், அப்போதைய மேலாளர் ஆன்டனி விட்டிங்குக்கு எழுதியபோது, நோயுற்றவர்களைக் கவனிக்காத மேற்பார்வையாளர்கள் அவர்களை வண்டிக் குதிரையாகவும் உழவு மாடாகவும்தான் பார்க்கிறார்கள் என்று கண்டித்தார். மூன்றே மாதம் கழித்து, 1793 ஜனவரியில், சார்லட் என்ற தையல் வேலைக்காரப் பெண்ணை ஹிக்கரி மரக்குச்சியால் நன்றாக அடித்ததாக அதே விட்டிங் அறிக்கை அனுப்பினார். தான் பதினான்கு ஆண்டுகளாக அடி வாங்கியதில்லை, எஜமானியம்மாள் வந்ததும் சொல்வேன் என்று அவள் மிரட்டியதையும் அவரே எழுதியிருந்தார். வாஷிங்டன் தந்த பதில், நீர் செய்தது முற்றிலும் சரி என்பதுதான். நல்ல விதமாகச் சொல்லிக் கேட்காதவர்களைத் தண்டிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டு கடிதங்களையும் எழுதியது ஒரே கைதான். என் பார்வையில் இவற்றுக்கிடையே முரண்பாடே இல்லை: உடைமை கெட்டுப் போகவும் கூடாது, சும்மா கிடக்கவும் கூடாது. குச்சியைப் பிடிக்கும் கை மட்டும் வேறொருவருடையதாக இருந்தது.

கேள்வி: எழுத்து வடிவில் பொதுவான விதிமுறைகள் இருந்தனவா?

இருந்தன. தென் கரோலினாவில் நெல் பண்ணைகளை வைத்திருந்த பிளவ்டன் வெஸ்டனின் ஒப்பந்தத்தில், மேற்பார்வையாளரின் முதல் கடமை அடிமைகளின் நலனே என்று தொடக்கத்திலேயே வருகிறது. கீழே படித்துக்கொண்டு போனால், குற்றத்தைக் கண்டறிந்ததற்கும் தண்டனைக்கும் இடையே 24 மணி நேரம் விட வேண்டும், கசையடி பதினைந்தைத் தாண்டக் கூடாது என்ற விதிகளும் இருக்கின்றன. ஆத்திரத்தில் அடித்து ஆளை முடமாக்கினால் நட்டம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

மிசிசிப்பியில் வாழ்ந்த தாமஸ் அஃப்லெக், 1840களின் பிற்பகுதியிலிருந்து, பண்ணைக் கணக்குப் புத்தகங்களை அச்சிட்டு விற்றார். ஒவ்வொருவரும் நாள்தோறும் பறித்த பருத்தியின் எடையை எழுத அவற்றில் கட்டங்கள் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் ஒருவரின் விலை எவ்வளவு, ஆண்டு இறுதியில் எவ்வளவு என்று எழுதவும் தனிப் பக்கம் உண்டு. வளரும் சிறுவனின் விலை ஏறும், முதியவளின் விலை இறங்கும்; கடையில் சரக்கிருப்பு எடுப்பதைப் போல மேற்பார்வையாளர் அதை நிரப்பினார்.

கேள்வி: சம்பளம் எப்படி? அதிக விளைச்சலுக்குத் தனிப் பணம் உண்டா?

தொடக்க காலத்து வர்ஜீனியாவில் விளைச்சலில் பங்கு கொடுப்பது வழக்கம். அப்படிக் கொடுத்தால் மேற்பார்வையாளர் அந்த ஓராண்டு மகசூலுக்காக ஆட்களையும் மண்ணையும் சக்கையாகப் பிழிந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார் என்று உரிமையாளர்களே புலம்பினர். பிறகு நிலையான ஆண்டுச் சம்பளம் பரவியது. ஆனாலும் பருத்தி குறைந்தால் வேலை போய்விடும் என்பதால், கடிதத்தில் நிதானம் என்று எழுதியிருந்தாலும் வயலில் அவசரமே ஆண்டது.

கேள்வி: மேற்பார்வையாளராகக் கறுப்பினத்தவரையே நியமித்ததுண்டா?

உண்டு. மவுண்ட் வெர்னனின் மடி ஹோல் பண்ணையை நடத்திய டேவி கிரே ஓர் அடிமை. வெள்ளை மேற்பார்வையாளர்களுக்கு நிகராக, அவர்களைவிட ஆரவாரமின்றி, அவர் வேலையை நடத்துகிறார் என்று வாஷிங்டனே எழுதியிருக்கிறார்.

கேள்வி: அடிமைகளாக இருந்தவர்கள் இந்த ஏற்பாட்டை எப்படி எதிர்கொண்டார்கள்?

உரிமையாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையே இருந்த விரிசலை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். எஜமானியம்மாளிடம் சொல்வேன் என்று சார்லட் மிரட்டியது அதனால்தான். பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் போல்க் 1830களில் மிசிசிப்பியில் பண்ணை வைத்தபோது, அங்கிருந்து தப்பியவர்களில் சிலர் டென்னசியில் இருந்த அவருடைய உறவினர்களிடமே போய் மேற்பார்வையாளரின் கொடுமையை முறையிட்டார்கள். மெதுவாக வேலை செய்வது, நோய் என்று படுப்பது, கருவிகளை உடைப்பது ஆகியவை அன்றாட வழிகள். மேற்பார்வையாளர்கள் அடிக்கடி மாறியதற்கு இந்த எதிர்ப்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: இலங்கை மலையகத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணி முறையும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. அங்கே போனவர்கள் சட்டப்படி யாருடைய உடைமையும் அல்லர். கடன்தான் அவர்களைக் கட்டிப்போட்டது. ஆனால் தொடர்பு உண்டு: அடிமைப் பண்ணைகள் இருந்த ஜமைக்காவில் காப்பிப் பயிர் முறையைக் கற்ற ஆர். பி. டைட்லர் 1837இல் இலங்கைக்குப் போய் அந்த முறையை அங்கே புகுத்தினார்.

கேள்வி: அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின்போது (1861–65) மேற்பார்வையாளர்களும் படைக்குப் போனார்களா?

பலர் போனார்கள், வெள்ளை ஆண் இல்லாத பண்ணைகளைக் கண்டு உரிமையாளர்கள் அஞ்சினார்கள். 1862 அக்டோபரில், நாட்டிலிருந்து பிரிந்து போன தென்மாநிலங்களின் கூட்டமைப்பு இயற்றிய சட்டம், இருபது அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையருக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு அளித்தது. பணக்காரர் தொடுத்த போரில் ஏழைதான் சாகிறான் என்று சிப்பாய்களிடையே கசப்பு பெருகியது. 1863 மே மாதம் அந்த விலக்குக்கு 500 டாலர் கட்டணம் விதித்தார்கள். 1864இல் இருபது என்பதைப் பதினைந்தாகக் குறைத்து, விலக்கை இன்னும் சிறிய பண்ணைகளுக்கும் நீட்டித்தார்கள்.