நாலு கட்டையும் ஐந்து கட்டையும்

கேள்வி: நான் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை. பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து ஓர் இசை நாடகம் போடுவதென்று இரு தலைமையாசிரியர்களும் முடிவு செய்திருக்கிறார்கள். இன்னும் 14 வாரங்கள் இருக்கின்றன. வசனம் உள்ள பாத்திரங்கள் 11. கதாநாயகன், கதாநாயகி உட்பட 7 பாத்திரங்களை அந்தப் பள்ளியின் நாடக ஆசிரியர் தம் மாணவர்களுக்கே கொடுத்துவிட்டார். "அவரவர் பள்ளியில் தனியாகப் பயிற்சி கொடுப்போம், கடைசி வாரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்" என்கிறார். மிக நன்றாகப் பாடும் என் மாணவி ஒருத்திக்குக் கதாநாயகி வேடம் கிடைக்காதது மனதை உறுத்துகிறது. இடைவேளைக்கு முன் அவர்கள், பின் நாங்கள் என்று நாடகத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமா? கோரஸில் இரு பள்ளிகளிலிருந்தும் 40 பேர் இருக்கிறார்கள். அதில் சிக்கல் ஒன்றும் இல்லை.
— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் வருத்தம் நியாயமானது. யாரையும் கேட்காமல் 11-இல் 7 பாத்திரங்களை ஒருவர் எடுத்துக்கொண்டால் அதற்குக் கூட்டு முயற்சி என்று பெயர் சொல்ல முடியாது. அதை அவரிடம் நீங்கள் பேசத்தான் வேண்டும். ஆனால், கடிதத்தைப் படித்தபோது என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, சிக்கல் இல்லை என்று கடைசி வரியில் நீங்கள் விட்டுவிட்ட அந்த 40 பேர்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு கூட்டு நாடகத்தில் பாட்டுகளுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். இரு பள்ளிகளும் தனித்தனியாகவே பழகினோம். அரங்கேற்றத்துக்கு நான்கு நாள் முன்புதான் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மேடையில் நின்றார்கள். முதல் பாட்டை எடுத்தோம். இரண்டாம் அடி முடிவதற்குள் முன்வரிசைப் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பிப் பின்வரிசையைப் பார்க்கத் தொடங்கினார்கள். பாட்டின் ஆதார சுருதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான் கட்டை என்கிறோம். நாங்கள் பழகியிருந்தது நாலு கட்டை. அவர்கள் பாடியது ஐந்து கட்டை. அந்தப் பள்ளியின் கீபோர்டில் சுருதியை ஏற்றும் பொத்தானை யாரோ எப்போதோ அழுத்திவிட்டிருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் '+2' (இரண்டு அரைச்சுரம் மேலே, அதாவது நாலு கட்டை ஐந்தாகிவிடும்) என்று இருந்ததை மூன்று மாதமாக ஒருவரும் பார்க்கவில்லை. யார் காதிலும் பிழை இல்லை. தனியாகப் பாடும் வரை எல்லாம் சரியாகத்தானே கேட்கும்?

அவர்களைக் கீழே இறக்கினோம். தாழ்ந்த சுரங்களில் அவர்கள் குரல் எழவில்லை. எங்கள் பிள்ளைகளை மேலே ஏற்றினோம், பல்லவியின் உச்சியில் கீச்சிட்டார்கள். கடைசியில் ஒரு பள்ளி பாடும்போது மற்றது வாயை மட்டும் அசைப்பது என்று சமாளித்தோம். காட்சி நடந்த அன்று இரண்டாம் வரிசையில் நின்ற பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, குரல் இல்லாமல் வாயை அசைத்தபடியே அழுதுகொண்டிருந்தாள். பக்கத் திரையின் மறைவிலிருந்து அதைப் பார்த்தேன். பெரியவர்களாகிய நாங்கள் முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தால் அவள் பாடியிருப்பாள்.

எனவே, வேடப் பங்கீட்டைப் பேசுவதற்கு முன்பே ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டை எது, வேகம் எது என்று இருவரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். 'கொஞ்சம் விறுவிறுப்பாக' என்பது ஒருவருக்கு ஒரு வேகம், இன்னொருவருக்கு வேறு வேகம். நிமிடத்துக்கு 96 தட்டு என்று எழுதினால் இரண்டு பள்ளியிலும் அது 96தான். பின்னணி இசையை ஒரே ஒலிப்பதிவாக எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லுக்குப் பின் மூச்செடுப்பது என்பதையும் பாட்டுத் தாளிலேயே குறியுங்கள். 40 பேர் இரண்டு விதமாக மூச்செடுத்தால் வரி நடுவில் உடையும்.

இதோடு இன்னொன்று. பிள்ளைகளை ஒரு பள்ளி இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் என்று நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையின் இரு ஓரத்துக்கும் நடுவே 12 மீட்டர் இருந்தால், எதிர்ப்பக்கப் பாட்டு ஒரு விநாடியில் நூற்றில் மூன்று, நான்கு பங்கு தாமதமாக வந்து சேரும். அதைக் கேட்டு இவர்கள் பாட, இவர்களைக் கேட்டு அவர்கள் பாட, வேகமான பாட்டு மெல்ல மெல்லத் தொய்ந்துபோகும். இரு பள்ளிப் பிள்ளைகளையும் அடுத்தடுத்து, தோளோடு தோளாக நிறுத்துங்கள். கை காட்டித் தாளம் கொடுப்பவர் ஒருவராக மட்டுமே இருக்கட்டும். பிள்ளைகளின் கண் அவர் கையில் இருக்கட்டும். பக்கத்தில் நிற்பவளின் பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்காகவே கூட்டு ஒத்திகை முதல் வாரத்தில் நடக்க வேண்டும் என்கிறேன். 14 வாரத்தில் ஆறு கூட்டு ஒத்திகை போதும்; அவை கடைசியில் குவியாமல் பரவலாக அமைய வேண்டும். ஒருமுறை உங்கள் பள்ளி, மறுமுறை அவர்கள் பள்ளி. காட்சி நடக்கப்போகும் மேடையின் நீள அகலத்தை அளந்து, இன்னொரு பள்ளியின் தரையில் ஒட்டும் நாடாவால் அதே அளவைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பெரிய கூடத்தில் பழகிய நடனம் சிறிய மேடையின் விளிம்பில் போய் நிற்கும். பயணத்துக்குப் பெற்றோரின் எழுத்து ஒப்புதலையும், பஸ்ஸில் உடன் செல்லும் ஆசிரியர் யார் என்பதையும் முன்பே முடித்துவையுங்கள்.

இனி வேடங்கள். அந்த நாடக ஆசிரியரைத் தலைமையாசிரியர்கள் இல்லாத நேரத்தில் தனியாகச் சந்தியுங்கள். கணக்குக் கேட்பது போலத் தொடங்க வேண்டாம். "நடிப்புக்கு நீங்கள் பொறுப்பு, பாட்டுக்கு நான் பொறுப்பு, பாடும் வேடங்களை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்போம்" என்று சொல்லுங்கள். பாட்டுத் தேர்வின்போது பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, பெயரும் பள்ளியும் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லிப் பாட வையுங்கள். இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். நடிப்பைக் கண்ணால் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும், அது வேறு நாள். உங்கள் மாணவி அவ்வளவு நன்றாகப் பாடுவாள் என்றால் திரை அவளுக்குத் துணையாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்துப் பெண்ணே நன்றாகப் பாடினாள் என்றால், அதையும் நீங்கள் முழு மனதோடு ஏற்க வேண்டும்.

கதாநாயகனாகத் தேர்ந்தெடுத்த பையனின் வயதை நீங்கள் எழுதவில்லை. 12 முதல் 15 வயதுக்குள் என்றால் கவனம். மகரக்கட்டு உடையும் பருவம் அது. குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரை உள்ள அளவு) கீழே இறங்கும். இறங்கி நிலைக்கும் வரை, நேற்று எட்டிய சுரம் இன்று எட்டாது. சிறுவர்களே எல்லா வேடமும் போட்ட பழைய நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு உடைந்த பையன்களுக்குப் பாடும் வேடங்கள் கைநழுவின. நம் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கும் அது நேரக் கூடாது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை அவனைத் தனியாகப் பாடவைத்துக் கேளுங்கள். தேவைப்பட்டால் அவன் பாட்டின் சுருதியை இறக்குங்கள், இரண்டு உயர்ந்த அடிகளை வசனமாக்குங்கள். எட்டாத சுரத்தை எட்டச் சொல்லித் தொண்டையை வருத்தாதீர்கள். மாற்று நடிகனாக உங்கள் பள்ளிப் பையன் ஒருவனை இப்போதே தயார் செய்தால், இரு பள்ளிக்கும் அந்த வேடத்தில் பங்கு வந்துவிடும்.

பாதியாகப் பிரிக்கும் யோசனையை மட்டும் கைவிட்டுவிடுங்கள். இடைவேளைக்குப் பின் கதாநாயகியின் முகம் மாறினால், பார்ப்பவர்கள் கதையை மறந்து யார் மேல் என்று மதிப்பெண் போடுவார்கள். பிள்ளைகளும் அதையே செய்வார்கள். இரண்டு நாள் காட்சி என்றால் முதன்மை வேடங்களுக்கு இரட்டை நடிகர்கள் வைக்கலாம்; அப்போதும் ஒவ்வொரு நாளும் இரு பள்ளியினரும் கலந்தே இருக்க வேண்டும். அழைப்பிதழில் நடிகர் பெயர்களை அகர வரிசையில் போடுங்கள்.

நாடகமோ பாட்டுகளோ வேறொருவர் எழுதியவை என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இரு பள்ளிகளின் பெயர், எத்தனை காட்சி, எந்த அரங்கு என்று அதில் இருக்கட்டும். மேடையில் நடத்தும் அனுமதி, வீடியோவை இணையத்தில் ஏற்றும் அனுமதியாகிவிடாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

நாளைக் காலையே அந்த ஆசிரியருக்குப் போன் செய்யுங்கள். 7, 4 என்ற கணக்கை நேரில் பேசிக்கொள்ளலாம். அவர்கள் பள்ளிக் கீபோர்டின் திரையில், ஓரமாக ஏதாவது எண் தெரிகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.