இந்திய விவசாயத்துக்கு இனி எதிர்காலம் உண்டா? தண்டையார்பேட்டையில் இருக்கும் நான் வேலையை விட்டுவிட்டு பொன்னேரிப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கலாமா?

முதல் கேள்வி நாட்டைப் பற்றியது, இரண்டாவது உங்கள் சேமிப்பைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. நாட்டு விவசாயம் நன்றாக இருந்தாலும் உங்கள் இரண்டு ஏக்கர் கவிழலாம்.

நான் விவசாயி இல்லை. கொத்தவால்சாவடியில் ஒரு பருப்பு மண்டியில் கணக்குப் பார்க்கிறேன். காய்கறி வியாபாரம் 1996ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் பருப்பும் மளிகையும் இன்னும் இந்தச் சந்துகளில்தான் புரள்கிறது. அதனால் எனக்குத் தெரிந்த விவசாயம் மூட்டைக்குள் வந்துசேர்ந்த விவசாயம். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அரிசி, கோதுமை பற்றிப் பயப்பட வேண்டாம். உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் நம்முடையது. பால் இன்னும் பலம்: நெல், கோதுமை இரண்டின் மதிப்பையும் கூட்டினாலும் பாலின் மதிப்பு அதைத் தாண்டும். ஆக, நாடு பட்டினி கிடக்கப் போவதில்லை. சிக்கல் வேறு இடத்தில். வேலை செய்கிறவர்களில் சுமார் 46 சதவீதம் பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள், நாட்டு வருமானத்தில் அவர்கள் பங்கோ 18 சதவீதம் அளவுதான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு விவசாயியின் கையில் சராசரியாக 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் 0.75. இந்தத் துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு ஒருவர் எதை விதைப்பது என்று முடிவு செய்ய, அடுத்த இரண்டு மூன்று வருஷத்துக்கு விலை எப்படிப் போகும் என்று குத்துமதிப்பாகவாவது தெரிய வேண்டும். அதுதான் இங்கே யாருக்கும் தெரிவதில்லை. என்னைக் கேட்டால் மழையை விட இதுதான் பெரிய பிரச்சினை.

உளுந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் எங்கள் கடைப் பையனே சொல்லிவிடுவான், இது பர்மா சரக்கு, இது நம்ம ஊர் சரக்கு என்று. பர்மா சரக்கில் எஸ்.க்யூ. என்பது பருமனான முதல் தரம், எஃப்.ஏ.க்யூ. அதற்கு அடுத்தது. காலையில் ரங்கூன் விலை டாலரில் வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் இங்கே விலை பேசுவார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் அந்த உளுந்துதான் மாவாகி, இட்லியாகி, அப்பளமாகி உங்கள் தட்டுக்கு வருகிறது. இதில் வேடிக்கை, பர்மாக்காரர்கள் உளுந்தைப் பெரிதாகச் சாப்பிடுவதே இல்லை. நமக்காகவே விதைக்கிறார்கள்.

எந்தத் தைரியத்தில் விதைக்கிறார்கள்? 2021ல் நம் அரசு அவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 2021-22 முதல் ஐந்து வருஷம், வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் அங்கிருந்து வாங்கிக்கொள்கிறோம் என்று. மொசாம்பிக்கிடம் 2 லட்சம் டன் துவரைக்கும் இதே மாதிரி ஏற்பாடு செய்தார்கள். வெளிநாட்டு விவசாயிக்குக் கிடைத்த இந்த ஐந்து வருஷத் தெளிவு மன்னார்குடி விவசாயிக்குக் கிடைத்திருக்கிறதா?

கிடைத்தது என்ன என்று பாருங்கள். 2015ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது, ஞாபகம் இருக்கும். அந்த விலையைப் பார்த்து நாடு முழுக்க விதைத்தார்கள். 2015-16ல் 163 லட்சம் டன்னாக இருந்த மொத்தப் பருப்பு விளைச்சல் அடுத்த வருஷமே 231 லட்சம் டன். இறக்குமதியும் ஓடிக்கொண்டிருந்தது. துவரை விலை, அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் கீழே விழுந்தது. 2017 ஆகஸ்டில் அரசு இறக்குமதிக்கு அளவு வைத்தது. 2021 மே மாதம் மறுபடி கதவைத் திறந்தது, "அக்டோபர் வரை மட்டும்" என்று. அப்புறம் அதை நீட்டி, மறுபடி நீட்டி, 2026 மார்ச் வரை கொண்டுபோய்விட்டார்கள். ஒவ்வொரு முறை அறிவிப்பு வரும்போதும் எங்கள் தெருவில் சிலருக்குக் கொண்டாட்டம், சிலருக்கு வயிற்றெரிச்சல். அந்த நாளில் சரக்கைக் கையில் வைத்திருந்தீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது. விவசாயி கையில் எப்போதுமே சரக்குதான் இருக்கும். விதைத்த பிறகு வரும் அறிவிப்புக்கு அவரால் எதுவும் செய்ய முடியாது.

அரிசிக்கும் இதே கதைதான். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை, 2024 செப்டம்பரில் நீக்கம். கோதுமைக்கு 2022 மே மாதம் தடை, வெங்காயத்துக்கு 2023 டிசம்பரில். நகரத்தில் விலை ஏறினால் டெல்லிக்குக் கை நடுங்குகிறது. மாதச் சம்பளத்தில் வீடு நடத்துகிற எனக்கும் பருப்பு விலை குறைந்தால் நிம்மதிதான், பொய் சொல்லக் கூடாது.

(வரி பற்றிச் சொன்னால் சிரிப்பு வரும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். கொஞ்ச நாளில் கடைகளில் 26 கிலோ பை வந்துவிட்டது. வரியிலிருந்து தப்ப நம் ஆட்களுக்கு ஒரு கிலோ போதும்.)

சரி, உள்ளூரில் ஏன் உளுந்து குறைகிறது? விலை மட்டும் காரணம் இல்லை. டெல்டாவில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னால், நெல் நிற்கும்போதே வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்துவிடும். உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது, ஏறக்குறைய செலவே கிடையாது. மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவிடம் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். "கையறுப்புக்கு ஆள் எங்கடா இருக்கு? அறுக்கிற பெல்ட் வண்டி வயல்ல எறங்குனா முளைச்சதெல்லாம் நசுங்கிப் போவுது. அறுத்தப்புறம் தெளிக்கலாம்னா ஈரம் போயிடுது" என்றார். ஆள் பற்றாக்குறைக்கு இயந்திரம் வந்தது, இயந்திரம் அடுத்த பயிரைத் தின்றது. அந்த உளுந்துக்குப் பதிலாகத்தான் ரங்கூனில் இருந்து கப்பல்.

2025 அக்டோபரில் மத்திய அரசு பருப்புத் தன்னிறைவுக்காக 11,440 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-31க்குள் 350 லட்சம் டன் இலக்கு. துவரை, உளுந்து, மசூர் (மைசூர்ப் பருப்பு) மூன்றையும் பதிவு செய்த விவசாயிகளிடம் நான்கு வருஷத்துக்கு ஆதரவு விலையில் கொள்முதல் செய்வோம் என்கிறார்கள். விதை, பயிற்சி எல்லாம் எப்போதும் சொல்வதுதான். இந்த நான்கு வருஷ வாக்குதான் புதுசு, உருப்படியானதும்கூட. 2025-26க்கு உளுந்தின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அந்த விலையில் உண்மையிலேயே எடை போட்டு எடுத்தால் நிலைமை மாறும். எடை போடும் இடம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்து, பணம் மூன்று மாதம் கழித்து வந்தால், விவசாயி பக்கத்து ஊர் வியாபாரியிடமே கொட்டிவிட்டுப் போவார். நான் வியாபாரி பக்கத்து ஆள், எனக்குத் தெரியும்.

இனி உங்கள் இரண்டு ஏக்கர். பொன்னேரி, மீஞ்சூர் என்றால் முதலில் தண்ணீர். ஆரணியாறும் கொசஸ்தலையும் பாயும் அந்தப் பகுதியில் 1960களின் கடைசியில் இருந்து மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். கடல் நீர் உள்ளே வந்தது, பல கிலோமீட்டர் தூரத்துக்கு. நகரம் தவித்த வருஷங்களில் நெல் போடுவதைவிட கிணற்றுத் தண்ணீரை விற்பது லாபம் என்று பயிரை விட்டவர்களும் உண்டு. அதே மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, தினம் 10 கோடி லிட்டர். சென்னைக்கு நல்லது. ஆனால் உப்பேறிய கிணறு அதனால் இனிக்கவில்லை.

அதனால் கடலுக்குப் பக்கத்தில் விலை மலிவு என்று யாராவது சொன்னால், ஏன் மலிவு என்று கேளுங்கள். மேற்கே தள்ளிப் போனால் நல்ல நிலம் இருக்கிறது. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 13 போன்ற சன்ன ரகங்கள் நன்றாகவே விளைகின்றன. ஆனால் அந்த இரண்டு ஏக்கர் நெல்லை நம்பி வேலையை விடாதீர்கள். கூலி, உரம், வண்டி வாடகை போக மிஞ்சுவது ஒரு குடும்பத்துக்குக் காணாது. வேலையை வைத்துக்கொண்டு, இரண்டு மாடும் கொஞ்சம் கீரையும் என்று தொடங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சென்னை பக்கத்தில் இருக்கிறது, விற்றுவிடலாம்.

வாங்குவதாக முடிவு செய்துவிட்டால் போர்வெல் தண்ணீரைச் சித்திரை, வைகாசியில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மழை முடிந்த கையோடு எடுத்தால் உப்பு நீர்த்துப்போய் எல்லாத் தண்ணீரும் நல்ல தண்ணீராகத்தான் தெரியும். நிலத்தரகர் உங்களை டிசம்பரில்தான் கூப்பிடுவார்.