ஸ்கூல் பிடிக்கல, படிக்கப் பிடிக்கும்: கேட்டவங்களுக்கு என் பதில்

வணக்கம். 14 வருஷமா கணக்கும் இயற்பியலும் சொல்லிக்குடுக்கறேன், பெரும்பாலும் படிப்பப் பாதில விட்டவங்களுக்கு, 30 வயசுக்கு மேல திரும்ப ஆரம்பிக்கறவங்களுக்கு. நானும் ஸ்கூல்ல மூச்சு முட்டி வெளிய வந்தவதான், தெரிஞ்சதுல பாதிக்கு மேல தனியா ஒக்காந்து கத்துக்கிட்டது. கேள்விங்க வர வர பதில் போடறேன். எந்த ஆப் வாங்கலாம், எந்த லேப்டாப் நல்லதுன்னு மட்டும் கேக்காதீங்க, அது எனக்குத் தெரிஞ்ச விஷயம் இல்ல.

நடுராத்திரி_நிலா: அக்கா, எனக்கு 16 வயசு. கிளாஸ்ல ஒக்காந்தா பத்து நிமிஷத்துல மனசு வெளிய போயிடுது. வீட்டுக்கு வந்தா ராத்திரி 2 மணி வரைக்கும் வானியல் படிக்கறேன், கருந்துளை பத்தி மட்டும் 60 வீடியோவுக்கு மேல பாத்திருக்கேன். ஆனா இயற்பியல்ல 54 மார்க். சார் என்னை சோம்பேறிங்கறார். ஸ்கூல விட்டுட்டு நானே படிச்சா என்ன?

தம்பி, நீ சோம்பேறி இல்ல. யாரும் சொல்லாம ராத்திரி 2 மணி வரைக்கும் படிக்கற பிள்ளைக்கு அந்தப் பேரு ஒட்டாது. எரிச்சல் எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும், ஒரு விஷயம் அப்பதான் சூடு பிடிக்கும், மணி அடிச்சுடும், உடனே புத்தகத்த மூடிட்டு வேற பாடம், உனக்குப் புரிஞ்சாலும் புரியாட்டியும் அது பாட்டுக்கு நகந்துக்கிட்டே இருக்கும்.

எனக்கு அது லாக் டேபிள்ல நடந்துச்சு, பெருக்கலக் கூட்டலா மாத்தித் தர்ற எண் அட்டவணை அது. ரெண்டு நம்பரப் பெருக்கணுமா, டேபிளப் பாரு, கூட்டு, ஆன்டிலாக் (திரும்ப நம்பரா மாத்தற டேபிள்) பாரு, முடிஞ்சது. கூட்டினா ஏன் பெருக்கல் வருதுன்னு எழுந்து கேட்டேன், பரீட்சைல ஏன்னு கேக்க மாட்டாங்க ஒக்காருன்னுட்டாங்க. அந்த வாரம் வீட்ல கிராஃப் பேப்பர்ல 10 செ.மீ. நீளத்துக்கு ரெண்டு பட்டை வெட்டினேன். 1-ஐ ஆரம்பத்துல, 2-ஐ 30 மி.மீ.ல, 3-ஐ 48-ல, 10-ஐ 100-லன்னு டேபிளப் பாத்துப் பாத்து ரெண்டு பட்டைலயும் குறிச்சேன். ரெண்டாவது பட்டையோட 1-ஐ முதல் பட்டையோட 2-கிட்ட ஒட்டி வெச்சா, அதோட 3 எங்க நிக்குது? 78-ல. அங்க நான் ஏற்கனவே 6-னு எழுதியிருந்தேன். நீளத்தக் கூட்டறேன், நம்பர் பெருகுது! 1614-ல நேப்பியர்ங்கறவர் லாகரிதம் (அதான் இந்த லாக்) பத்தி வெளியிட்டதும், 1970-கள்ல கையடக்க கால்குலேட்டர் வர்ற வரைக்கும் இஞ்சினியருங்க ஸ்லைடு ரூல, அதாவது இதே மாதிரி நகத்திப் பாக்கற அளவுகோல வெச்சு வேலை பாத்ததும் எல்லாம் இந்த ஒரு விஷயத்த நம்பித்தான்.

இதுல முக்கியமானது அடுத்து நடந்தது. 4-ஐ நான் தப்பா 64-ல குறிச்சிருந்தேன். முதல் பட்டையோட 2-கிட்ட ரெண்டாவது பட்டையோட 1-ஐ வெச்சா, அதோட 2 நிக்கறது 60-ல, 64-ல இல்ல. ரெண்டு மூணு தடவ நகத்திப் பாத்துட்டு டேபிளத் திரும்பப் பாத்தா, நான்தான் நம்பர மாத்தி எழுதியிருக்கேன். நீ தப்புன்னு அந்தக் காகிதமே சொல்லிடுச்சு. தனியாப் படிக்கறவங்களுக்கு வேணுங்கறது இதுதான், தப்ப எடுத்துச் சொல்ற ஒண்ணு. பொருளோ ஆளோ, அது இருக்கணும். ஸ்கூல் அந்த வேலைய மோசமாச் செய்யுது, சிவப்பு மையில 54-னு போட்டா எது தப்புன்னு எவனுக்குத் தெரியும், ஆனா பேருக்காவது செய்யுது. உன்னோட 60 வீடியோல ஒண்ணாவது உன்னைத் தப்புன்னு சொல்லிச்சா?

விடறதா வேண்டாமான்னு கேட்டல்ல, கோவத்துல விடாதே. இந்தப் பேச்சு வந்தாலே ஐன்ஸ்டீன இழுப்பாங்க, அவர் கதையவே எடுத்துக்கோ. 15 வயசுல மியூனிக் பள்ளிய விட்டுட்டுப் போனார், நெஜம்தான். 1895-ல சுவிட்சர்லாந்துல சூரிச் பாலிடெக்னிக்ல சேர நுழைவுத் தேர்வு எழுதித் தேறல, அதுவும் நெஜம்தான். ஆனா கணக்கும் இயற்பியலும் நல்லாத்தான் எழுதியிருந்தார், மத்த பாடங்கள்தான் காலை வாரிடுச்சு. அப்புறம் என்ன பண்ணார்? அதே நாட்டுல ஆராவ்ங்கற ஊர்ல இன்னொரு பள்ளிக்கூடத்துல சேந்தார், அந்தப் பள்ளிய அவருக்கு ரொம்பப் பிடிச்சது, ஒரு வருஷம் கழிச்சு 1896-ல சூரிச்ல இடம் கெடச்சது. அவர் ஒரு ஸ்கூலத்தான் விட்டார். படிப்பு முடிச்சப்பறம்கூட 1902 வாக்குல பெர்ன்ல ரெண்டு நண்பர்களோட சேந்து புத்தகம் படிச்சு சண்டை போடறதுக்குன்னே ஒரு குழு வெச்சிருந்தார். நீயும் வேற ஸ்கூல், வேற டீச்சர், இல்ல கூட சண்டை போட ஒரு ஃபிரண்டுன்னு இதெல்லாம் தேடிப் பாத்துட்டு அப்புறம் விடறதப் பத்திப் பேசு.

இப்ப ஒரு வேலை. எல்லாத்தையும் மூடிட்டு ஒரு தாள்ல, நிலா ஏன் தேயுது ஏன் வளருதுன்னு நாலு வரி எழுதி எனக்கு அனுப்பு. எங்கயும் தேடிப் பாக்காதே. அப்புறம் 2 மணி வரைக்கும் முழிக்காதே, படிச்சது மனசுல நிக்கறதுக்குத் தூக்கம் வேணும்.

பச்சைப்பேனா: யூடியூப்லயே எல்லாம் இருக்கே, வீடியோ பாத்தே ஒரு பாடத்த முழுசா முடிக்க முடியுமா?

வீடியோ பாக்கறது படிக்கறது இல்ல. இத இன்னிக்கு இன்னும் பல தடவ சொல்லப்போறேன். நல்லா சொல்லிக்குடுக்கறவங்க பேசறப்ப எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும், புரிஞ்சது அவங்களுக்கு. 2006-ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளருங்க ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு குழு ஒரு பத்திய நாலு சுற்று படிச்சது. இன்னொரு குழு ஒரே சுற்று மட்டும் படிச்சுட்டு, அப்புறம் மூணு சுற்று பாக்காம ஞாபகத்துலேருந்து எழுதிப் பாத்தது. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்ப திரும்பத் திரும்பப் படிச்சவங்கதான் மேல, 83 சதவீதம், மத்தவங்க 71. ஒரு வாரம் கழிச்சு கேட்டாங்க, படிச்சவங்க 40-க்கு இறங்கிட்டாங்க, எழுதிப் பாத்தவங்க 61. படிக்கறப்ப சுலபமா இருந்தா நல்லாப் படிக்கறோம்னு தோணும், அத நம்பாதீங்க. வீடியோ பாருங்க, பாதில நிறுத்துங்க, பாக்காம எழுதுங்க.

ஒரு_அம்மா: மேடம், என் பொண்ண வீட்லயே வெச்சு படிக்க வெக்கலாமா? சட்டப்படி சிக்கல் வருமா?

அம்மா, சட்டம் நாட்டுக்கு நாடு வேற. இங்கிலாந்துல தாராளமாப் பண்ணலாம், ஜெர்மனில பொதுவா அனுமதியே இல்ல. உங்க ஊர்ல கல்வி அலுவலகத்துல எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க, வாய்வார்த்தைய நம்பாதீங்க. வெக்கறதா முடிவு பண்ணீங்கன்னா, பொண்ணோட வேலைய வாரம் ஒரு தடவ பாத்து தப்பச் சொல்ற வெளியாள் ஒருத்தர் இருக்கட்டும். நீங்களே அம்மாவும் டீச்சருமா இருந்தா ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டும்.

கோடுபோட்டநோட்டு: ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் படிக்கணும்?

மணிக்கணக்கு வேண்டாம். இன்னிக்கு பாக்காம என்ன எழுத முடிஞ்சதுன்னு எண்ணுங்க.

காத்தாடி: மனப்பாடம்தான் ஸ்கூலோட பெரிய பாவம். ஞாபகத்துலேருந்து எழுதுன்னு நீங்களும் அதே அடிமைத்தனத்தத்தான் சொல்றீங்க. கூகுள் இருக்கறப்ப எதுக்கு ஞாபகம்? ராமானுஜனுக்கும் ஃபாரடேவுக்கும் யாரு சொல்லிக்குடுத்தா?

இதுக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்லணும். 1973-ல சேஸ், சைமன்னு ரெண்டு ஆய்வாளருங்க செஸ் ஆடறவங்களுக்கு ஒரு போர்ட சில நொடி மட்டும் காட்டிட்டு, காய்ங்கள அப்படியே திரும்ப அடுக்கச் சொன்னாங்க. நெஜ ஆட்டத்துலேருந்து எடுத்த நிலைமைன்னா கைதேர்ந்த ஆட்டக்காரர் புதுசா ஆடறவங்களவிட ரொம்ப மேல. காயெல்லாம் கண்டபடி அள்ளித் தெளிச்சு வெச்சா அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமப் போயிடுச்சு. அவருக்குப் பொதுவா ஞாபகசக்தி ஜாஸ்தின்னு இல்ல, ஆயிரக்கணக்கான அமைப்பு உள்ள படிஞ்சிருக்கு, அத வெச்சுத்தான் அவர் யோசிக்கறார். ஒரே நேரத்துல மனசுல புதுசா ஒரு நாலு விஷயம்தான் நிக்கும், பெருக்கல் வாய்ப்பாட்டையே கூகுள்ல தேடறவனுக்கு யோசிக்க எடம் எங்க மிச்சம் இருக்கும்? புரியாம ஒப்பிக்கறதுதான் பாவம். புரிஞ்சத மனசுல வெச்சுக்கறது சொத்து.

மின்சார ஆராய்ச்சில பேர் வாங்கின ஃபாரடேவுக்கு வருவோம். 1805-ல 14 வயசுல பைண்டிங் கடைல தொழில் பழக சேந்தார், பைண்டுக்கு வந்த புத்தகத்தயே படிச்சார், அது வரைக்கும் சரி. ஆனா தன்ன மாதிரி இளைஞருங்க கூடி அறிவியல் பேசற சங்கத்துலயும் போய் சேந்தார். 1812-ல ஹம்ப்ரி டேவிங்கற வேதியியல் விஞ்ஞானியோட சொற்பொழிவக் கேட்டு, எல்லாத்தையும் திரும்ப எழுதி, படம் போட்டு, தானே பைண்ட் பண்ணி டேவிக்கே அனுப்பினார். 1813-ல அவர்கிட்டயே உதவியாளர் வேலை. கேட்டத எழுதி, தெரிஞ்சவர்கிட்டயே காட்டறதுன்னா எவ்வளவு துணிச்சல் வேணும்!

ராமானுஜன் கதை எனக்கு மனச வலிக்கற கதை. கார்ங்கற பேருள்ள ஒருத்தர் எழுதின ஒரு தொகுப்புப் புத்தகம், ஆயிரக்கணக்கான சூத்திரம், நிரூபணம்னு பெருசா ஒண்ணும் கெடையாது, அதுலதான் வளந்தார். கணக்குல மூழ்கி மத்த பாடத்துல தேறாம காலேஜ் உதவித்தொகை போச்சு, அது படிப்பு முறையோட தப்பு, சந்தேகமே இல்ல. ஆனா 1913-ல இங்கிலாந்துல இருந்த ஹார்டிங்கற கணித அறிஞருக்குக் கடிதம் எழுதினப்ப, அந்த அற்புதங்களுக்கு நடுவுல பகா எண்கள் பத்தி அவர் சொன்னதுல சிலது தப்பா இருந்துச்சு. அவ்வளவு பெரிய மேதைக்கும் அது வரைக்கும் அதக் கண்டுபிடிச்சு சொல்ற ஆள் பக்கத்துல இல்ல. தனியா விட்டதாலதான் அவர் வளந்தார்னு சொல்றவங்கமேல எனக்குக் கோவமே வரும்.

கணக்கு_வாத்தியார்: ரொம்ப சரியா சொன்னீங்க. அதனாலதான் பரீட்சை, ரேங்க், பரிசு எல்லாம் வேணும்ங்கறேன். பயமும் ஆசையும் இல்லாட்டி எந்தப் பிள்ளையும் படிக்காது.

சார், மன்னிக்கணும், நான் சொன்னது அது இல்ல. தப்பச் சொல்றது வேற, விலை போடறது வேற. 1973-ல லெப்பர்ங்கற உளவியல் ஆய்வாளரும் இன்னும் ரெண்டு பேரும் படம் வரையப் பிடிச்ச சின்னக் குழந்தைங்கள எடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் வரைஞ்சா சான்றிதழ் தர்றோம்னு முன்னாடியே சொல்லிக் குடுத்தாங்க. அப்புறம் சும்மா விளையாட விட்டப்ப, அந்தக் குழந்தைங்க பேனா எடுத்த நேரம் மத்தவங்களோடத விட ஏறக்குறைய பாதிதான். பிடிச்சுப் பண்ணின வேலை கூலி வேலையாயிடுச்சு.

கணக்கு_வாத்தியார்: அது மழலைக் குழந்தைங்க மேடம். 45 பிள்ளைங்க ஒரு கிளாஸ்ல, ஒவ்வொருத்தருக்கா தப்ப விளக்கிட்டு ஒக்கார எனக்கு நேரம் எங்க இருக்கு?

இத நான் ஒத்துக்கறேன் சார். 45 பேர உங்க தலைல கட்டினது நீங்க இல்ல. ஒண்ணு மட்டும் செஞ்சு பாருங்க: பேப்பர் திருப்பித் தர்றப்ப மார்க் போடாதீங்க, தப்பான வரிக்குப் பக்கத்துல ஒரு புள்ளி மட்டும் வெச்சுக் குடுங்க. ஏன் தப்புன்னு அவங்களே கண்டுபிடிச்சு எழுதி வந்தப்பறம் மார்க் போடுங்க. நேரம் அதேதான் ஆகும், பிள்ளைங்க படிக்கறது ரெண்டு தடவ.

காத்தாடி: அப்பக்கூட மார்க் இருக்கே!

இருக்குதான். பிள்ளைங்களுக்கு நாளைக்கு ஒரு சான்றிதழ் வேணும், அத நானோ நீங்களோ தர முடியாது.

சுடுமணல்: தானா படிக்க எந்த ஆப் பெஸ்ட்?

மேலயே சொல்லிட்டேன்.

புதுசா_வந்தவன்: ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் படிக்கணும்? வீடியோ போதுமா?

ரெண்டுக்கும் மேல பதில் இருக்கு. கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு ஒரு தடவ படிச்சுப் பாருங்க. வீடியோ பாக்கறது படிக்கறது இல்ல.

சாம்பல்: ஸ்கூல்னு நினைச்சாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது, ரெண்டு மாசமா சாப்பிட முடியல, அழுகையா வருது.

கண்ணு, இது படிப்பு சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல, எனக்குத் தெரிஞ்ச பாடமும் இல்ல. இன்னிக்கே வீட்ல நம்பற ஒருத்தர்கிட்ட இத அப்படியே சொல்லு, ஒரு டாக்டரப் பாரு. மார்க், பாடம் எல்லாம் காத்துக்கிட்டு இருக்கும். நீதான் முக்கியம்.

நடுராத்திரி_நிலா: அக்கா எழுதிட்டேன், எங்கயும் பாக்கல. "சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவுல பூமி வர்றப்ப பூமியோட நிழல் நிலா மேல விழுது. நிழல் கொஞ்சமா விழுந்தா முக்கால் நிலா, பாதி விழுந்தா அரை நிலா, முழுசா மறைச்சா அமாவாசை."

தம்பி, நேர்மையா எழுதி அனுப்பினதுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா இது தப்பு. நீ எழுதினது கிரகணம். வெக்கப்படாதே, 1987-ல ஹார்வர்டு பட்டமளிப்பு அன்னிக்கு 23 பேர்கிட்ட இந்தக் கேள்வியோ பருவகாலம் ஏன் வருதுங்கற கேள்வியோ கேட்டாங்க, 21 பேர் தப்பா சொன்னாங்க. அவங்க எல்லாம் ஸ்கூல்ல நல்ல மார்க் வாங்கி வந்தவங்கதான்.

சரியான பதில நான் சொல்லப்போறதில்ல. வளர்பிறைல அரை நிலா தெரியற அன்னிக்கு, சூரியன் அடையற நேரத்துல வெளிய போய் நில்லு. சூரியன் மேற்குல அடிவானத்துல இருக்கும், நிலா ஏறக்குறைய தலைக்கு மேல. ஒரு கைய சூரியனப் பாத்து நீட்டு, இன்னொரு கைய நிலாவப் பாத்து நீட்டு. பூமியோட நிழல் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கமாத்தான் போகும், அப்ப அது எந்தப் பக்கம் போகுது, நிலா எந்தப் பக்கம் இருக்கு? அது வரைக்கும் காத்திருக்க முடியலன்னா ரூம இருட்டாக்கி ஒரே ஒரு லைட்டப் போட்டுட்டு, ஒரு வெள்ளைப் பந்தக் கைல நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்ன எடத்துலயே மெதுவா சுத்து. பந்துல வெளிச்சம் விழற பாதியும் உன் கண்ணுக்குத் தெரியற பாதியும் எப்பப்ப ஒண்ணா வருது, எப்பப்ப பிரியுதுன்னு எட்டு எடத்துல நின்னு வரைஞ்சுக்கோ. வரைஞ்சத அனுப்பு, நான் முழிச்சுத்தான் இருக்கேன்.